ஒரு செங்கல் மிச்சம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் யாரும் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. என்ன சொல்லப்பட்டதோ அதை அப்படியே செய்தார்கள். நடந்த அத்தனை அலங்கோலத்துக்கும் அதுதான் காரணம். அப்படியிருக்க, அந்த நான்கு பேரை மட்டும் முட்டாள்கள் என்று ஊர் சொல்வது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. கதையைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். என் பக்கம் சொன்னீர்கள் என்றால் சண்டையில்லாமல் முடியும்.

கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைப் பந்தல்கள். அந்தப் பந்தல்களுக்கு நடுவே, ஒரு மேட்டின் மேல், ஓடு வேய்ந்த பழைய பங்களா ஒன்று. திராட்சை வியாபாரத்தில் நாலு காசு பார்த்த ஒரு பெரியவர் கட்டியது. அவர் போனபின் பங்களாவை வௌவால்கள் எடுத்துக்கொண்டன. அவருடைய மகள் இந்துராணி, வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வௌவால்களைக் கிளப்பிவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் தேய்த்து, வீட்டைப் பழைய அழகுக்குக் கொண்டுவந்தார். பட்டணத்துக்காரர்கள் வந்து தங்குவார்கள், பந்தலுக்குள் உலாவுவார்கள், பக்கத்தில் இருக்கும் ஒயின் ஆலையைப் பார்ப்பார்கள், அருவியில் குளிப்பார்கள் என்பது அவர் கணக்கு.

இந்துராணியின் தம்பி தனபாலுக்கு வேறு கணக்கு. பங்களாவை இடித்துவிட்டுத் திராட்சைக்குக் குளிர்சாதனக் கிடங்கு கட்ட வேண்டும். "பழத்துக்கு ஏசி போட்டா பழம் கெடாது. மனுசனுக்கு ஏசி போட்டா மனுசன் கெட்டுப்போவான்" என்பது அவர் கொள்கை. அக்காவும் தம்பியும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சென்னையிலுள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து தங்கிப் பார்ப்பார். அவருக்கு வீடு பிடித்தால் வருஷம் பூராவும் ஆள் வரும், பங்களா தப்பும். பிடிக்காவிட்டால் தனபால் இடித்துக்கொள்ளலாம்.

தனபாலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய ஜீப்புக்குக் கைப்பிரேக் பிடிக்காது. பிடிக்கவில்லை என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம், சரிசெய்வோம். அவர் அதற்குப் பதில் ஒரு செங்கல்லை எப்போதும் ஜீப்பிலேயே வைத்திருப்பார். எங்கே நிறுத்தினாலும் இறங்கி, செங்கல்லைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அது ராசியான செங்கல்லாம். இவரை ஊரில் ஒருத்தர்கூட முட்டாள் என்று சொல்வதில்லை. குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த நான்கு பேர். பெரியவர் காலத்திலிருந்து பந்தலில் வேலை செய்தவர்கள். இப்போது பங்களாவைப் பார்த்துக்கொள்ள இந்துராணி வைத்த ஆட்கள். மூத்தவர் வீரணன், எதையும் யோசித்துத்தான் முடிவெடுப்பார். அவர் தம்பி மொக்கராசு, எதிலும் ஒரு சந்தேகம் கேட்பார். வீரணன் மனைவி பவுனம்மாள் சமையலுக்கு. ஒரு தடவை கேட்டதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார். பவுனம்மாளின் தம்பி ஒச்சப்பன், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் கட்சி.

அதிகாரி வருகிற சமயத்தில் இந்துராணியின் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. அவர் மதுரைக்குப் போயே ஆக வேண்டும். பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று நாலு பேருக்கும் சொன்னார்:

"அப்பா காலத்துல வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். எதையும் மாத்தக் கூடாது. வர்றவங்களை விருந்தாளியா நினைக்காதீங்க, நம்ம வீட்டு ஆளா நினைங்க. பந்தலுக்குள்ள போனா குனிஞ்சு நடங்க. அருவிக்குக் கூட்டிட்டுப் போனா, அவங்களா போதும்னு சொல்ற வரைக்கும் வெளியே இழுத்துட்டு வராதீங்க. இது என் மானப் பிரச்சினை."

"மனசுல ஏத்திக்கிட்டோம்மா" என்றார் வீரணன். பவுனம்மாள் எல்லாவற்றையும் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினார். 'மானப் பிரச்சினை' உட்பட. இந்துராணி நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

இதில் எந்த வாக்கியத்தில் தப்பு இருக்கிறது, சொல்லுங்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

பஸ் கண்ணுக்கு மறைந்ததும் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். வீரணன் முகம் வாடியது.

"பெரியவர் காலத்துல இருந்த மாதிரியா இருக்கு இது?"

"இல்லியேண்ணே. ஒழுகலையே" என்றார் மொக்கராசு.

உண்மைதான். பெரியவர் காலத்தில் மழை பெய்தால் கூரை ஒழுகும். கீழே ஒரு அண்டாவை வைத்திருப்பார்கள். ஓடு மாற்றிய கொத்தனார் அதைச் சரிசெய்துவிட்டார்.

"அம்மாவுக்குத் தெரியாம கொத்தனாரு செஞ்ச வேலை இது" என்றார் வீரணன். "நாமதான் மானத்தைக் காப்பாத்தணும். எந்த எடத்துல ஒழுகும்?"

"ஊஞ்சலுக்கு மேல, மாமா" என்றான் ஒச்சப்பன்.

"ஊஞ்சலுக்கு மேல இல்ல, பெரியவரு கட்டிலுக்கு மேல. அவரு அண்டாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் படுப்பாரு" என்றார் பவுனம்மாள்.

"ஆமா, கட்டிலுக்கு மேலதான்" என்றான் ஒச்சப்பன்.

மொக்கராசு ஏணி வைத்து ஏறி, கட்டிலுக்கு நேர் மேலே ஓடு ஒன்றை எடுத்தார். கீழேயிருந்து நாலு பேரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள். வீடு வீடாகிவிட்டது.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது.

"நம்ம வீட்டு ஆளா நினைக்கச் சொல்லுச்சு அம்மா. சரி. என்ன முறை?" என்று கேட்டார் வீரணன். "முறை தெரியாம எப்படி நினைக்கிறது?"

வருவது புருஷன் பெண்சாதி என்று மட்டும் தெரியும்.

"பொம்பளையை நமக்குத் தங்கச்சின்னு வச்சுக்குவோம்ணே" என்றார் மொக்கராசு.

"தங்கச்சின்னா அந்த ஆளு வீட்டுக்கு மாப்பிள்ளை" என்றார் பவுனம்மாள். "மூணு வேளையும் கறி ஆக்கணும். நீங்க கைகட்டி நிக்கணும். சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு மூஞ்சியத் தூக்குவாக, பொறுத்துப் போகணும்."

மூன்று ஆண்களும் யோசித்தார்கள்.

"அப்ப வேணாம்" என்றான் ஒச்சப்பன்.

"அவரைத் தம்பின்னு வச்சுக்குவோம். கடைசித் தம்பி" என்று முடிவு சொன்னார் வீரணன்.

"கடைசித் தம்பின்னா வெறகு ஒடைக்கணும்ணே."

"ஒடைக்கட்டும். அது நம்ம குடும்ப வழக்கம்தானே."

"அப்ப அந்தப் பொண்ணு எனக்கு எளைய ஓரகத்தி" என்றார் பவுனம்மாள். அவருக்குக் கீழே ஒருத்தி வருவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அம்மிக்கல்லைத் துடைத்துவைத்தார்.

தங்கச்சியானாலும் சரி, தம்பி மனைவியானாலும் சரி, அந்தப் பெண் அடுப்படியில் கொஞ்சமாவது நிற்க வேண்டியிருக்கும் என்பதில் நால்வருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை, மொக்கராசுக்குக்கூட வரவில்லை. ஊர் சிரிப்பதற்கு எத்தனையோ எடுத்துக்கொண்டது. இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. மைதிலியும் அவள் கணவன் ஸ்ரீவத்சனும் இறங்கினார்கள். சுற்றுலா நிறுவனத்தின் அதிகாரி மைதிலி. ஸ்ரீவத்சன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தவன். நீண்ட நாளாகத் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவன். ஆனால் யார் அதிகாரி என்று நால்வரும் கேட்கவில்லை. மீசை இருந்த பக்கம் பார்த்து வீரணன் பேசினார்.

"வாடா தம்பி. இம்புட்டு நேரமாடா வர்றதுக்கு?"

ஸ்ரீவத்சன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

மைதிலியின் கையைப் பிடித்து அழைத்துப் போன பவுனம்மாள், அடுப்படி வாசல் தாண்டுமுன் கேட்டார்: "கல்யாணம் ஆயி எத்தனை வருசம் ஆச்சு? ஏன் இன்னும் ஒண்ணும் இல்ல?"

"கெளம்புறப்ப எங்க மாமியாரும் இதையேதான் கேட்டாங்க" என்றாள் மைதிலி.

"பாத்தியா" என்று பவுனம்மாளுக்குப் பெருமை. "வீட்டு ஆளுன்னா இதத்தான் கேப்பாக. இந்தா, சட்னிக்கு அரை."

மைதிலி அம்மி முன்னால் உட்கார்ந்தாள். எத்தனையோ விடுதிகளில் தங்கி, எத்தனையோ பேர் குனிந்து வணக்கம் சொல்லிக் குளிர்பானம் நீட்டியதைப் பார்த்தவள். இது புதிதாக இருந்தது. என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று தேங்காயை எடுத்துப் போட்டு அரைத்தாள்.

ஸ்ரீவத்சன் மத்தியானம் கட்டிலில் விழுந்தான். மலையிலிருந்து சாரல் இறங்கியது. நெற்றியில் ஒரு சொட்டு. பிறகு மூக்கில். எழுந்து உட்கார்ந்தபோது, கதவருகே நாலு பேரும் வரிசையாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒழுகுது" என்றான் ஸ்ரீவத்சன்.

"ஒழுகுதா?" என்று வீரணன் கண் கலங்கக் கேட்டார். "நல்லா ஒழுகுதா தம்பி? நாங்ககூட எடம் தப்பிருமோன்னு பயந்துட்டோம்."

"இதைச் சரிபண்ண மாட்டீங்களா?"

"சரிபண்ணித்தான் வச்சிருக்கோம்" என்றார் மொக்கராசு. ஒச்சப்பன் அண்டாவைக் கொண்டுவந்து ஸ்ரீவத்சனின் மடியில் வைத்தான். "கட்டிப்பிடிச்சுக்கங்க. பெரியவர் அப்படித்தான் படுப்பாரு."

தூக்கம் போன பின் சும்மா இருப்பானேன் என்று அவனைக் கொல்லைக்கு அழைத்துப்போய்க் கோடாலியைக் கையில் கொடுத்தார்கள். வேர்த்து நனைந்துபோன அவன், பெட்டியைத் திறந்து மாற்றுச் சட்டை தேடினான். கிடைக்கவில்லை. மொக்கராசு அதைப் போட்டுக்கொண்டு பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். "தம்பி சட்டைதானே" என்று போகும்போது சொல்லிவிட்டும் போயிருந்தார்.

மறுநாள் ஒயின் ஆலைக்குப் பயணம். பந்தல் வழியாகக் குறுக்கே போனால் பக்கம். தலைக்கு மேலே கையெட்டும் உயரத்தில் கம்பிகள், கம்பி முழுக்கக் கொடி, கொடி முழுக்கக் கறுத்த பன்னீர் திராட்சைக் குலைகள். நாலு பேரும் குனிந்து நடந்தார்கள். இந்துராணி சொன்னது சரியான பேச்சு. குனியாவிட்டால் தலை பழத்தில் இடிக்கும். ஆனால் பந்தல் முடிந்த பிறகு நிமிரலாம் என்று அவர் சொல்லவில்லை. வெட்டவெளியிலும் நாலு பேரும் குனிந்தே நடந்தார்கள். இது ஏதோ அந்த ஊர் மரியாதை என்று நினைத்து மைதிலியும் குனிந்தாள். எல்லோரும் குனிந்தால் ஸ்ரீவத்சன் மட்டும் என்ன செய்வான். ஆறு பேர் குனிந்தபடி வருவதைப் பார்த்த ஆலைக் காவல்காரர், எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று எண்ணித் தானும் வந்து கூடத் தேடினார். "தங்கமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க. மானம்" என்றார் பவுனம்மாள்.

ஆலைக்குள் ஒரு பெண் கண்ணாடிக் கோப்பைகளை வரிசையாக வைத்து விளக்கினாள். ஒயினைச் சுழற்ற வேண்டும், முகர வேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்ட வேண்டும். பிறகு பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிட வேண்டும். ருசி பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான், குடித்துக்கொண்டே போனால் நாலாவது கோப்பையில் நாக்குக்கு எதுவும் தெரியாது.

மைதிலி சுழற்றினாள், முகர்ந்தாள், உருட்டினாள், துப்பினாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். "பலாச்சுளை வாசனை. கடைசியில கொஞ்சம் ஈர மண் வாசம்."

பின்னால் நின்ற நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லா இருந்தா துப்புறாக" என்றார் வீரணன் மெல்ல.

"மண்ணு வாசம் இருந்தா இன்னும் நல்லதாம்" என்றார் மொக்கராசு.

"நாம இம்புட்டு நாளா முழுங்கிட்டோமே மாமா" என்றான் ஒச்சப்பன். எத்தனை நல்ல சாப்பாட்டை அவமானப்படுத்திவிட்டோம் என்று அவனுக்குத் துக்கமாக இருந்தது.

அன்று மத்தியானம் பவுனம்மாள் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தார். இரண்டு இலை. இலைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு வாளி.

"இது எதுக்கு?" என்றான் ஸ்ரீவத்சன்.

"கூச்சப்படாதடா தம்பி" என்றார் வீரணன். "நம்ம வீடு."

மைதிலி சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். விழுங்கினாள். இன்னொரு கவளம். அதையும் விழுங்கினாள். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கி, இலையை வழித்து, அதையும் விழுங்கினாள். கதவுக்குப் பின்னால் பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"மதினி, அழாதீக" என்றார் மொக்கராசு.

"ஒரு பருக்கை துப்பல, கொழுந்தனாரே. வாளி வறண்டு கெடக்கு. என் சமையல் அம்புட்டு மோசமா?"

அப்போதுதான் ஸ்ரீவத்சனின் பல்லில் ஒரு காந்தாரி மிளகாய் முழுசாக அகப்பட்டது. அவன் முகம் சிவந்து, கண் பிதுங்கி, வாயிலிருந்த அத்தனையையும் வாளியில் துப்பினான். தண்ணீர் குடித்து அதையும் துப்பினான்.

கதவைத் திறந்துகொண்டு பவுனம்மாள் ஓடிவந்து அவன் தலையைத் தடவினார். "எம் புள்ள. ருசி தெரிஞ்ச புள்ள."

ராத்திரி அவன் இலையில் மட்டும் காந்தாரி மிளகாய் ஒரு கைப்பிடி கூடுதலாக விழுந்தது. அவன் சந்தோஷப்படட்டும் என்று ஒச்சப்பன் பந்தலடியிலிருந்து கொஞ்சம் ஈர மண்ணும் எடுத்துவந்து ரசத்தில் கரைத்திருந்தான்.

மூன்றாம் நாள் காலை அருவி. மொக்கராசும் ஒச்சப்பனும் ஸ்ரீவத்சனை இருபுறமும் பிடித்து நேரே தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்தினார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடித்தது.

"வாங்க, போகலாம்" என்றான்.

"இன்னும் அவரு சொல்லலை" என்றார் மொக்கராசு.

"குளிருது. விடுங்க."

"குளிருதுங்கிறாரு மச்சான்."

"குளிருதுன்னு சொன்னாவா விடச் சொல்லுச்சு அம்மா? மதினி, என்ன சொல்லுச்சு?"

கரையிலிருந்து பவுனம்மாள் ஒப்பித்தார்: "அவங்களா போதும்னு சொல்ற வரைக்கும் வெளியே இழுத்துட்டு வராதீங்க."

மைதிலி எழுந்து நின்று, "போதுங்க, அவரை விடுங்க" என்றாள்.

வீரணன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீ சொன்னா எப்படித்தா? அவனுக்குப் பசிச்சா நீ சாப்பிடுவியா?"

ஸ்ரீவத்சன் அருவிக்குள்ளிருந்து, தண்ணீரும் கோபமுமாக, "உங்க சகவாசமே போதும்" என்று கத்தினான். இருவரும் சட்டென்று கையை விட்டார்கள். "அடடா, மொதல்லயே சொல்லிருந்தா என்ன" என்று மொக்கராசு அவன் தலையைத் துவட்டினார். துவட்டியது ஸ்ரீவத்சனின் சட்டையால்தான்.

அவர்கள் பங்களாவுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில், தனபாலின் ஜீப் மேடேறி வந்து வாசலில் நின்றது. இறங்கினார், செங்கல்லைச் சக்கரத்துக்கு வைத்தார், உள்ளே பார்த்தார். இடுப்பில் ஒரு துண்டோடு கொல்லையில் விறகு உடைத்துக்கொண்டிருந்த ஸ்ரீவத்சனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"சார், வீடு எப்படி? உங்க முடிவைச் சொல்லுங்க."

ஸ்ரீவத்சன் கோடாலியைக் கீழே போட்டான். "இந்த வீட்டை நீங்க இடிச்சுப் போட்டாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"இது போதும்" என்றார் தனபால்.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து மைதிலி வெளியே வந்தாள். கையெல்லாம் மஞ்சள். "ஒரு நிமிஷம், இதுல நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க உள்ள போங்கம்மா" என்றார் தனபால். "ஆபீஸ் விஷயம் பேசிட்டிருக்கோம்."

மைதிலி அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு உள்ளே போய், மஞ்சள் கையைக் கழுவினாள். அவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். நான்கு முட்டாள்கள் கேட்கவில்லை, சரி. ஐந்தாவது ஆளும் கேட்கவில்லை.

தனபால் நால்வரையும் கூப்பிட்டார். "வீட்டை இடிங்க. இன்னைக்கே ஆரம்பிக்கணும். நானே வந்து நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நான் போய் லாரிக்குச் சொல்லிட்டு வர்றேன்." செங்கல்லை எடுத்து ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாலு பேரும் வாசலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இதுவரை இப்படி ஒரு சோதனை வந்ததில்லை.

"ஐயா இடிக்கச் சொல்றாரு" என்றார் வீரணன். "அம்மா எதையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லிருக்கு. ரெண்டும் பெரியவரு பெத்த புள்ளைக. யாரு பேச்சைத் தட்டுறது?"

"ஐயா பேச்சைத் தட்ட முடியாதுண்ணே."

"தட்ட முடியாது" என்றான் ஒச்சப்பன்.

"அம்மா பேச்சைத் தட்டினா மானப் பிரச்சினை" என்றார் பவுனம்மாள்.

"அதையும் தட்ட முடியாது" என்றான் ஒச்சப்பன்.

வீரணன் எழுந்து பந்தலைப் பார்த்தபடி நின்றார். நெடுநேரம் நின்றார். திரும்பியபோது முகத்தில் தெளிவு இருந்தது.

"கவாத்து பண்றோம்ல? கொடியை மொட்டையா வெட்டுறோம். வெட்டுன கொடி அதே எடத்துல அதே மாதிரி திரும்ப வருதா, இல்லியா?"

"வருது."

"வெட்டியாச்சு, ஆனா பந்தல் மாறலை. வீட்டையும் அப்படித்தான் செய்யணும்."

"கொடி தானா வரும்ணே. செங்கல் தானா வராதே" என்றார் மொக்கராசு.

"வராதுடா. அதுக்குத்தான் நாம இருக்கோம்."

முன் சுவரில் ஆரம்பித்தார்கள். மொக்கராசு காரையைத் தட்டி ஒரு செங்கல்லை உருவினார். "இடிச்சாச்சு" என்றார். ஒச்சப்பன் அதை வாங்கித் துடைத்தான். பவுனம்மாள், எந்தப் பக்கம் மேலே இருந்தது, எந்த மூலை உடைந்திருந்தது என்று ஒப்பித்தார். வீரணன் அதை அதே பொந்தில் சுண்ணாம்பு தடவி வைத்து, கையால் தட்டிக்கொடுத்தார். "மாத்தலை" என்றார். அடுத்த செங்கல். "இடிச்சாச்சு." "மாத்தலை." "இடிச்சாச்சு." "மாத்தலை."

பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த மைதிலி படியில் நின்றாள். காருக்குள் ஏறிய ஸ்ரீவத்சன் ஹாரன் அடித்தான். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். ஐந்தாறு செங்கல் வரை பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஹாரன் ஓய்ந்தது, என்னவென்று பார்க்க இறங்கிவந்த ஸ்ரீவத்சனும், மூன்று நாளாக மறந்திருந்த சிரிப்பை அங்கேதான் மறுபடி கண்டுபிடித்தான்.

"நான் ஒண்ணு எடுக்கட்டுமா அக்கா?" என்று கேட்டாள் மைதிலி.

"எடு தாயி. ஒன் வீடுதானே" என்றார் பவுனம்மாள்.

மைதிலி ஒரு செங்கல்லை இடித்தாள், மாற்றாமல் வைத்தாள். அப்புறம் பெட்டியை மறுபடி உள்ளே வைத்துவிட்டு இந்துராணிக்குப் போன் செய்தாள். "மேடம், வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வருஷம் பூரா ஆள் அனுப்புறோம். ஒரே ஒரு நிபந்தனை. இந்த நாலு பேரையும் மாத்தக் கூடாது."

"நான் முதல்லயே சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார் இந்துராணி பெருமையாக. "எதையும் மாத்தக் கூடாதுன்னு." மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, அவருக்கு அன்று எதைக் கேட்டாலும் நல்லதாகவே பட்டது.

மறுநாள் காலை தனபால் வந்தார். பின்னால் லாரி. ஜீப்பை மேட்டில் நிறுத்தி, இறங்கி, செங்கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பங்களா அப்படியே நிற்கிறது.

"இடிக்கலையா?"

"முன்சுவரு முழுசா இடிச்சாச்சுங்கய்யா" என்றார் வீரணன், சுண்ணாம்புக் கையோடு. "இனிமேத்தான் பக்கத்துச் சுவரு."

தனபால் வாயைத் திறக்குமுன் மைதிலி வந்து தன் அலுவலக அட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாசித்தார். ஸ்ரீவத்சனைப் பார்த்தார். மறுபடி அட்டையை வாசித்தார்.

"அப்ப சார் யாரு?"

"சார் லீவுல இருக்காரு" என்றாள் மைதிலி. "ஆபீஸ் விஷயம், நாம பேசலாம். வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் கொடுத்த வாக்கு. தனபால் கெட்ட மனிதர் இல்லை. லாரியைத் திரும்பிப் போகச் சொன்னார். பிறகு சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்களிடம் நிறுத்தச் சொல்லலாம் என்று திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து மொக்கராசு முன்சுவரைச் சரிபார்க்க நாலு எட்டு பின்னால் போனார். எல்லாப் பொந்திலும் செங்கல் இருந்தது. மனசு நிறைந்தது. அப்படியே தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தார். ஜீப் சக்கரத்தடியில் ஒரு செங்கல் கிடந்தது. குனிந்து எடுத்தார்.

"அண்ணே. ஒண்ணு மிச்சம்."

நால்வரும் கூடினார்கள். வீரணன் முகம் இருண்டது.

"மிச்சம்னா எங்கயோ ஒரு எடம் கொறையுதுன்னு அர்த்தம்."

"எல்லாப் பொந்தும் அடைச்சாச்சே மாமா."

"அதான் பயமா இருக்கு. அம்மா வந்து பாத்தா என்ன சொல்லும்? ஒரு செங்கல்லு வெளிய, வீடு உள்ள. இது இருந்த மாதிரியா?"

ஜீப், ஆளில்லாமல், அவசரமும் இல்லாமல், சரிவில் இறங்க ஆரம்பித்தது.

"டேய், நிறு..." என்ற தனபால், பாதியில் அதைக் கண்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஜீப் பந்தலுக்குள் நுழைந்தது. குனியாமல் நுழைந்தது. அதன் கண்ணாடி முழுக்கப் பன்னீர் திராட்சை.

"ஐயா என்னமோ சொல்ல வந்தாரு" என்றார் மொக்கராசு.

"பாதிதான் சொன்னாரு" என்றார் பவுனம்மாள்.

"முழுசா வந்து சொல்லட்டும்" என்று வீரணன் உளியை எடுத்தார். "அதுக்குள்ள இந்தச் செங்கல்லோட எடத்தக் கண்டுபிடிக்கணும். மறுபடி மொதல்லேர்ந்து."

ஆக, இன்றுவரைக்கும் அந்தப் பங்களாவை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். தங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு செங்கல் இடிக்கிறார்கள், ஆளுக்கொரு செங்கல் வைக்கிறார்கள், ஒழுகும் கட்டிலுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள், குழம்பை மரியாதையாகத் துப்புகிறார்கள். மிச்சமான செங்கல்லுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. அதுவும் வீட்டு ஆள்தானே என்று பவுனம்மாள் அதை உள்ளே, ஊஞ்சலில் வைத்திருக்கிறார்.

தனபால் வந்து ஒரு வார்த்தை சொன்னால் வேலை நின்றுவிடும். அவரும் வராமல் இல்லை. நாள் தவறாமல் வருகிறார். ஆனால் அண்டக் கொடுக்கச் செங்கல் இல்லாமல் ஜீப்பை எங்கே நிறுத்துவது? வேறு ஒரு செங்கல் வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். அதுதான் ராசியாம். அதனால் அவர் பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்தபடி, ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நிறுத்துங்கடா" என்று கத்திவிட்டுப் போகிறார்.

ஒவ்வொரு சுற்றிலும் வீரணன் உளியைக் கீழே வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, பணிவாகச் சொல்கிறார்:

"மொதல்ல ஜீப்ப நிறுத்திட்டு, எறங்கி வந்து சொல்லுங்கய்யா."